வெளிநாட்டில் படிக்கும்போது ஓவியக் கண்காட்சிக்குப் போவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படிக்கப் போன ஊரில் உலகப் புகழ்பெற்ற மியூசியம் ஒன்று இருக்கும். விடுதியிலிருந்து நாலைந்து பஸ் நிறுத்தம்தான். ஆனாலும் படிப்பு முடிந்து பெட்டி கட்டும்வரை அதற்குள் காலடி வைக்காதவர்கள் நிறையப் பேர். ஏன் என்று கேட்டால் பணம் என்பார்கள், நேரம் என்பார்கள், இல்லாவிட்டால் "எனக்கு அதெல்லாம் புரியாதுங்க" என்பார்கள். மாணவர்கள் வழக்கமாகக் கேட்பதையும் கேட்கக் கூச்சப்படுவதையும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். திறக்கும் நேரமும் சலுகைகளும் மாறக்கூடியவை. கிளம்பும் முன் அந்தந்த மியூசியத்தின் இணையதளத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

ஓவியத்தைப் பற்றி எனக்கு அரிச்சுவடிகூடத் தெரியாது. நான் போய் என்ன பார்க்கப்போகிறேன்?

தெரியாமல் போவதில் ஒரு நஷ்டமும் இல்லை. அங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான். முகத்தைத் தீவிரமாக வைத்துக்கொண்டு நிற்பதால் எல்லாம் தெரிந்தவர்கள் போலத் தோன்றும், அவ்வளவுதான். வாசலில் யாரும் பரீட்சை வைப்பதில்லை.

உங்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. சுற்றுலா வருகிறவருக்கு அந்த ஊரில் ஒரு பகலோ இரண்டு பகலோதான். அதற்குள் எல்லாவற்றையும் பார்த்துத் தீர்க்க வேண்டும் என்று ஓடுவார். நீங்கள் அங்கேயே குடியிருக்கிறீர்கள். இன்று ஒரு அறை, அடுத்த மாதம் இன்னொரு அறை என்று போகலாம். பிடிக்காவிட்டால் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடலாம், பிடித்த படத்தை மறுபடி போய்ப் பார்க்கலாம். கீழே நான் சொல்லியிருப்பதில் பாதி, இந்த வசதியை எப்படிப் பயன்படுத்திக்கொள்வது என்பதுதான்.

எல்லாவற்றையும் கண்காட்சி என்றே சொல்கிறார்கள். எது எப்படி வேறுபடும்?

மியூசியத்துக்குச் சொந்தமான படங்கள் ஆண்டு முழுக்கச் சுவரில் இருக்கும். அது நிரந்தரத் தொகுப்பு. சிறப்புக் கண்காட்சி என்பது பல ஊர்களிலிருந்து படங்களை இரவல் வாங்கி மூன்று, நான்கு மாதத்துக்கு வைப்பது. அதற்குத் தனி டிக்கெட், தனி வரிசை. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் 2023-ல் டச்சு ஓவியர் வெர்மீரின் படங்களுக்காக நடத்திய கண்காட்சி இந்த வகை. அவர் வரைந்ததாக இன்று ஏற்கப்படும் படங்களே 40-க்குள்தான். அதில் 28-ஐ ஒரே கூரையின்கீழ் சேர்த்தார்கள். கண்காட்சி தொடங்கிய சில நாட்களிலேயே டிக்கெட் முழுக்க விற்றுப்போனது. இப்படிப்பட்ட ஒன்று நீங்கள் இருக்கும் ஊருக்கு வருகிறது என்று தெரிந்தால், செய்தி வந்த வாரமே முன்பதிவு செய்துவிடுங்கள்.

மூன்றாவது வகை, படம் விற்கும் தனியார் கேலரிகள். கண்ணாடிக் கதவு, வெள்ளைச் சுவர், உள்ளே மேஜையில் ஒருவர் தலை நிமிராமல் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பார். நம்மைப் போன்றவர்கள் நுழையத் தயங்குகிற இடம் இதுதான். ஆனால் இங்கே டிக்கெட்டே கிடையாது. மணியை அழுத்தி, வணக்கம் சொல்லி, பார்த்துவிட்டு, நன்றி சொல்லி வந்துவிடலாம். வாங்குகிறவர் என்று யாரும் உங்களை நினைக்கப் போவதில்லை, நீங்கள் வாங்க வேண்டும் என்றும் அவர்கள் எதிர்பார்ப்பதில்லை. இன்று வாழும் ஓவியர்களின் புதுப் படைப்புகளை ஓசியில் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை.

கலைக் கல்லூரிகள் கல்வியாண்டு முடிவில் நடத்தும் மாணவர் கண்காட்சிகளையும் விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் இலவசம். வரைந்தவரே பக்கத்தில் நிற்பார், கேட்டால் ஆசையாக விளக்குவார். அப்புறம் வெனிஸ் பியென்னாலே, டாக்குமென்டா போன்ற பெருந்திருவிழாக்கள். முதலாவது 1895-ல் தொடங்கியது, இப்போது இரட்டைப்படை ஆண்டுகளில் நடக்கிறது. இரண்டாவது ஜெர்மனியின் காஸெல் நகரில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை 100 நாட்கள் நடப்பது. அடுத்தது 2027-ல்.

டிக்கெட் விலையைப் பார்த்தாலே மயக்கம் வருகிறது. மாணவருக்குச் சலுகை உண்டா?

உண்டு, ஆனால் நாட்டுக்கு நாடு கணக்கு வேறு.

பிரிட்டனில் தேசிய மியூசியங்களின் நிரந்தரத் தொகுப்பு எல்லோருக்கும் இலவசம். லண்டனின் நேஷனல் கேலரி, டேட் மாடர்ன், பிரிட்டிஷ் மியூசியம் மூன்றும் இதில் வரும். காசு கேட்பது சிறப்புக் கண்காட்சிக்கு மட்டும். அதற்கும் வழி இருக்கிறது. டேட் மியூசியங்கள் 16 முதல் 25 வயதுவரை உள்ளவர்களுக்கு டேட் கலெக்டிவ் என்று ஒரு திட்டம் வைத்திருக்கின்றன. சேர்வது இலவசம், சேர்ந்தால் சிறப்புக் கண்காட்சிக்கு 5 பவுண்டு. வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் மியூசியங்களும் நேஷனல் கேலரி ஆஃப் ஆர்ட்டும் இலவசம்.

பிரான்ஸில் படிப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விஷயம்: அங்கே தேசிய மியூசியங்களின் நிரந்தரத் தொகுப்பை 26 வயதுக்குக் குறைந்த ஐரோப்பிய ஒன்றியவாசிகள் இலவசமாகப் பார்க்கலாம். லூவ்ர், ஓர்சே எல்லாம் அடக்கம். இதைப் படித்ததும் "நமக்கு அந்தக் குடியுரிமை இல்லையே" என்று பலர் முழு டிக்கெட் வாங்கிவிடுகிறார்கள். குடியுரிமை வேண்டியதில்லை, சட்டப்படி அங்கே வசித்தால் போதும். நீண்டகால மாணவர் விசாவோ வசிப்பு அனுமதி அட்டையோ இருந்தால் நீங்களும் அதில் சேர்த்திதான். லூவ்ர் 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு (ஐரோப்பிய ஒன்றியமும் நார்வே போன்ற சில நாடுகளும்) வெளியிலிருந்து வருபவர்களிடம் கூடுதல் கட்டணம் வாங்குவதால், அந்த அட்டையின் மதிப்பு இன்னும் கூடிவிட்டது.

மாட்ரிட்டின் பிராடோ இன்னும் தாராளம். 18 முதல் 25 வயதுவரை உள்ள மாணவர்களுக்கு இலவசம், எந்த நாட்டவராக இருந்தாலும் சரி. வயது தாண்டியவர்கள் தினமும் மூடுவதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் காசில்லாமல் போகலாம், வரிசை மட்டும் நீளம். இத்தாலியில் மாதத்தின் முதல் ஞாயிறன்று அரசு மியூசியங்கள் இலவசம். நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் மியூசியத்தில் நியூயார்க், நியூ ஜெர்சி, கனெக்டிகட் மாநிலங்களில் படிக்கும் மாணவர்கள் தாங்கள் விரும்பும் தொகையைக் கொடுத்தால் போதும். டெக்சாஸில் படிப்பவருக்கு இது செல்லாது.

இவை தவிர, உங்கள் பல்கலைக்கழகமே அந்த ஊர் மியூசியத்தோடு ஒப்பந்தம் போட்டிருக்கலாம். மாணவர் அட்டையைக் காட்டி "இதற்கு ஏதாவது உண்டா?" என்று கவுன்டரில் கேட்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

எந்த அட்டையைக் காட்ட வேண்டும்?

பல்கலைக்கழக அட்டை, வயதுக்குப் பாஸ்போர்ட்டோ வசிப்பு அட்டையோ. உங்கள் பல்கலைக்கழக அட்டையில் காலாவதித் தேதி அச்சடிக்கவில்லை என்றால் சில இடங்களில் ஏற்க மாட்டார்கள். அப்போது ஐசிக் எனப்படும் சர்வதேச மாணவர் அட்டை கைகொடுக்கும். போனில் எடுத்த போட்டோவை நம்பிப் போகாதீர்கள்.

எந்த நாள், எந்த நேரம் போனால் கூட்டம் குறைவு?

வார நாளில், திறந்த உடனே அல்லது மூடுவதற்கு முன். வகுப்பு இடைவெளியில் போக முடிவது மாணவர்களுக்கு மட்டுமே கிடைத்த பாக்கியம், அதை விடாதீர்கள். பல மியூசியங்கள் வாரத்தில் ஓர் இரவு தாமதமாக மூடும். நேஷனல் கேலரி வெள்ளிக்கிழமை இரவு 9 மணிவரை, ஓர்சே வியாழக்கிழமை 9.45 வரை. குழந்தைகளை அழைத்து வந்த குடும்பங்களும் பஸ்ஸில் வந்த குழுக்களும் கிளம்பிவிடும் நேரம் அது. என்னைக் கேட்டால், ஒரு மியூசியத்தை முதல்முறை பார்க்க அந்த இரவுதான் சரியான நேரம்.

விடுமுறை நாளும் முக்கியம். லூவ்ர் செவ்வாய்க்கிழமை கிடையாது, ஓர்சே திங்கட்கிழமை கிடையாது. ரைக்ஸ்மியூசியம் 365 நாளும் உண்டு. ஐரோப்பாவின் பல நகரங்களில் மே மாதம் ஒரு சனிக்கிழமை மியூசிய இரவு நடக்கும். நள்ளிரவுவரை திறந்திருக்கும், பல இடங்களில் இலவசம். கொண்டாட்டத்துக்குப் போகலாம். படம் பார்க்க அது தோதான இரவு அல்ல, தேர்த் திருவிழாக் கூட்டம் இருக்கும்.

பையை உள்ளே கொண்டுபோகலாமா?

சின்னத் தோள்பை பிரச்சினை இல்லை. முதுகுப்பையை முன்பக்கம் மாட்டச் சொல்வார்கள், அல்லது லாக்கரில் வைக்கச் சொல்வார்கள். திரும்பும்போது பை படத்தில் இடித்துவிடும் என்ற பயம்தான். குடைக்கும் இதே கதி. தண்ணீர் பாட்டிலுக்கு இப்போது சில இடங்களில் கெடுபிடி அதிகம். 2022-ல் போராட்டக்காரர்கள் வான் கோவின் சூரியகாந்திப் படத்தின்மீது சூப்பை ஊற்றினார்கள், படம் கண்ணாடிக்குள் இருந்ததால் தப்பியது. அதன்பிறகும் இப்படி நடக்கவே, 2024 அக்டோபரில் நேஷனல் கேலரி திரவப் பொருள்களுக்கே தடை போட்டது. குழந்தைக்கான பால், மருந்து போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. விமான நிலையத்திலிருந்து நேராகப் பெரிய பெட்டியோடு போவது வேண்டாம், பல இடங்களில் அதை வைக்க இடமே தரமாட்டார்கள்.

போட்டோ எடுக்கலாமா?

நிரந்தரத் தொகுப்பில் பெரும்பாலும் எடுக்கலாம், ஃப்ளாஷும் செல்ஃபிக் குச்சியும் கூடாது. சிறப்புக் கண்காட்சியில் இரவல் கொடுத்தவர் சம்மதிக்காத படத்தின் பக்கத்தில் குறுக்குக் கோடு போட்ட கேமரா படம் ஒட்டியிருக்கும். பிராடோவில் எங்குமே எடுக்கக் கூடாது. அதே மாட்ரிட்டில் ரெய்னா சோஃபியாவில் பிக்காசோவின் குவெர்னிகாவுக்கு இருந்த தடையை 2023-ல் நீக்கினார்கள்.

எடுக்கலாம் என்பதற்காக எடுத்துக்கொண்டே போகாதீர்கள். புகழ்பெற்ற படங்களின் உயர்தரப் பிரதியை மியூசியங்களே இணையத்தில் இலவசமாகத் தருகின்றன. ரைக்ஸ்மியூசியத்தின் பிரதியில் தூரிகை மயிர் பட்ட தடம்வரை பெரிதாக்கிப் பார்க்கலாம். உங்கள் போன் எடுப்பது அதற்குப் பக்கத்தில்கூட வராது. படத்தின் பக்கத்தில் விவரம் எழுதி ஒட்டியிருக்கும் எழுத்தட்டையை மட்டும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து தேட உதவும்.

சரி, படத்தின் முன்னால் போய் நின்றுவிட்டேன். இப்போது என்ன செய்ய?

நில்லுங்கள். முதல் வேலை அதுதான், கஷ்டமான வேலையும் அதுதான். மெட்ரோபாலிடன் மியூசியத்தில் பார்வையாளர்களைக் கவனித்து எழுதி 2001-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, ஒரு படத்தின் முன் மக்கள் நின்ற நேரம் சராசரியாக 27 விநாடி. அதில் எழுத்தட்டையைப் படித்த நேரமும் சேர்த்தி.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிக்கும் ஜெனிஃபர் ராபர்ட்ஸ் தன் மாணவர்களை ஒரே படத்தின் முன் மூன்று மணி நேரம் உட்காரச் சொல்கிறார். அவர் தானே அப்படி உட்கார்ந்து பார்த்த படம், பாஸ்டனில் இருக்கும் கோப்லியின் 1765-ஆம் ஆண்டு ஓவியம். ஒரு பையன், அவனுடைய வளர்ப்பு அணில். பையனின் காது வடிவமும் அணிலின் வயிற்றோரத்து ரோமத்தின் வளைவும் ஒரே மாதிரி இருக்கின்றன என்பதைக் கவனிக்க அவருக்கே ஒன்பது நிமிடம் பிடித்ததாம். பின்னால் தொங்கும் திரைச்சீலை மடிப்புகள் அந்தப் பையனின் காதையும் கண்ணையும் ஒத்திருப்பது தெரிய முக்கால் மணி நேரம் ஆயிற்று. வாழ்நாள் முழுக்கப் படம் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவருக்கே இந்தக் கதி என்றால், நமக்கு 27 விநாடியில் ஒன்றும் பிடிபடாததில் வெட்கப்பட ஏதுமில்லை.

மூன்று மணி நேரம் வேண்டாம், ஒரு படத்துக்குப் பத்து நிமிடம் கொடுத்துப் பாருங்கள். நேஷனல் கேலரியில் யான் வான் எய்க் 1434-ல் வரைந்த அர்னோல்ஃபினி தம்பதி படம் பழகுவதற்கு ஏற்றது. உயரம் ஒரு மீட்டர்கூட இல்லை. கணவன், மனைவி, காலடியில் நாய், ஜன்னலோரம் ஆரஞ்சுப் பழங்கள். முதல் நிமிடத்தில் இவ்வளவுதான் கண்ணில் படும். பிறகு மேலே தொங்கும் பித்தளைச் சரவிளக்கைப் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் ஒரே ஒரு மெழுகுவர்த்தி எரிகிறது. இருவர் கைகளுக்கும் மேலே, பின்சுவரில் குவிந்த கண்ணாடி ஒன்று மாட்டியிருக்கிறது. அதில் தம்பதியின் முதுகு தெரிகிறது, அதற்கும் அப்பால் வாசலில் இரண்டு பேர் நிற்கிறார்கள். அதாவது, நீங்கள் இப்போது நிற்கும் இடத்தில். கண்ணாடிச் சட்டத்தைச் சுற்றிப் பத்துக் குட்டி வட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஏசுவின் பாடுகளிலிருந்து ஒரு காட்சி. கண்ணாடிக்கு மேல் சுவரில் அலங்கார எழுத்தில் லத்தீனில் ஒரு வரி: யான் வான் எய்க் இங்கே இருந்தார், 1434. கையெழுத்தை அறைச் சுவரிலேயே போட்டுவிட்டார் மனிதர்.

இடம் மாறி நின்று பார்ப்பதும் அவசியம். அதே மியூசியத்தில் ஹோல்பைன் 1533-ல் வரைந்த இரு தூதர்கள் படத்தின் அடியில் சாம்பல் நிறத்தில் ஏதோ கோணல்மாணலாகக் கிடக்கும். நேராக நின்றால் அது என்னவென்றே தெரியாது. படத்தின் வலப்பக்க ஓரத்துக்குப் போய்ச் சாய்வாகப் பாருங்கள், மண்டையோடு எழுந்து வரும். சும்மா எந்தப் படத்துக்கும் இதைச் செய்யலாம்: முதலில் அறையின் அந்தக் கோடியிலிருந்து, பிறகு கயிறு அனுமதிக்கும் அளவுக்குக் கிட்டே, பிறகு ஓரத்திலிருந்து. ஓரத்திலிருந்து பார்த்தால் வண்ணம் எங்கே தடிப்பாக அப்பியிருக்கிறது என்பது தெரியும். அச்சுப் பிரதியில் கிடைக்காத விஷயம் அது.

பக்கத்தில் ஒட்டியிருக்கும் எழுத்தட்டையை முதலில் படிக்கவா, படத்தை முதலில் பார்க்கவா?

படம் முதலில். படித்துவிட்டால் அட்டை சொன்னதை மட்டுமே கண் தேடும்.

அட்டையில் பெயர், பிறப்பு இறப்பு ஆண்டுகள், தலைப்பு, வரைந்த ஆண்டு, எதில் எதைக் கொண்டு வரைந்தது என்ற விவரம், எப்படி மியூசியத்துக்கு வந்தது என்ற குறிப்பு எல்லாம் இருக்கும். பெயருக்கு முன்னால் வரும் சொற்களில்தான் சூட்சுமம். வெறும் பெயர் என்றால் அவரே வரைந்தது. "அவருடையதாகக் கருதப்படுவது" என்றால் அறிஞர்களுக்கு முழு நிச்சயம் இல்லை. "அவருடைய பட்டறை" என்றால் அவர் மேற்பார்வையில் சீடர்கள் செய்தது. "அவரைப் பின்பற்றி" என்றால் வேறொருவர் பார்த்து வரைந்த நகல். கடைசி வரியில் படம் எங்கிருந்து எப்போது வந்தது என்பதையும் கவனியுங்கள். நன்கொடை, விலைக்கு வாங்கியது, போரில் கைப்பற்றியது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு, அட்டை அதை எப்போதும் முழுதாகச் சொல்லிவிடாது.

நவீன ஓவியம் சுத்தமாகப் புரியவில்லை. வெறும் சிவப்பு வண்ணத்தைப் பூசி மாட்டியிருக்கிறார்கள். என்னதான் இருக்கிறது அதில்?

சிலவற்றில் நிஜமாகவே ஒன்றும் இருக்காது. மியூசியத்தில் இருப்பதாலேயே எல்லாம் உயர்ந்தது என்று யாரும் சத்தியம் செய்யவில்லை. "இது எனக்குப் பிடிக்கவில்லை" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. "இதை யார் வேண்டுமானாலும் செய்வார்கள்" என்று சொல்வதற்கு முன் மட்டும் கொஞ்சம் பொறுங்கள்.

நீங்கள் சொல்லும் சிவப்புப் படம் அநேகமாக அமெரிக்க ஓவியர் ரோத்கோவுடையதாக இருக்கும். நியூயார்க்கின் ஆடம்பர உணவகம் ஒன்றின் சுவருக்காக 1958-ல் அவரிடம் படங்கள் கேட்டார்கள். வரைய ஆரம்பித்தபின், இந்தப் படங்களுக்கு அந்த இடம் ஆகாது என்று முடிவெடுத்து ஒப்பந்தத்திலிருந்து விலகிவிட்டார். அவற்றில் ஒன்பதை லண்டனின் டேட் கேலரிக்குக் கொடுத்தார். 1970 பிப்ரவரி 25-ஆம் தேதி, படங்கள் லண்டன் வந்து சேர்ந்த அதே நாளில், நியூயார்க்கில் அவர் தற்கொலை செய்துகொண்டார். மங்கிய ஒளியில், நெருக்கமாக மாட்ட வேண்டும் என்பது அவர் விருப்பம். அரக்குச் சிவப்பும் கருப்பும் கலந்த ஆளுயரத்தைத் தாண்டிய படங்கள். நுழைந்தவுடன் இருட்டாகத்தான் இருக்கும். பெஞ்சில் உட்கார்ந்து கண் பழகட்டும். ஓரங்கள் மெல்ல அசைவது போலவும், நடுவில் இருப்பது கதவா ஜன்னலா என்பது போலவும் தோன்ற ஆரம்பிக்கும். சிலருக்குத் தோன்றாது, அதுவும் பரவாயில்லை. ஆனால் வாசலில் நின்று எட்டிப்பார்த்துவிட்டுப் போகிறவருக்கு வாய்ப்பே இல்லை.

பிரெஞ்சுக் கலைஞர் தூஷாம்பின் கழிப்பறைப் பீங்கான் வேறு ரகம். 1917-ல் கடையில் வாங்கிய ஒன்றில் பொய்க் கையெழுத்துப் போட்டு, யார் எதைக் கொடுத்தாலும் காட்சிக்கு வைப்போம் என்று அறிவித்திருந்த ஒரு கண்காட்சிக்கு அனுப்பினார். அவர்கள் அதை வைக்க மறுத்தார்கள். அதன் கிண்டல் அந்த மறுப்பில்தான் இருக்கிறது, பீங்கானில் அழகைத் தேடி அலைய வேண்டாம். அசல் தொலைந்துபோய்விட்டது. இன்று டேட் உட்பட மியூசியங்களில் இருப்பவை பின்னாளில் அவர் சம்மதத்தோடு செய்த பிரதிகள். இந்த மாதிரிப் படைப்புக்கு மட்டும் எழுத்தட்டையை முதலில் படித்தால் குற்றமில்லை.

சில அறைகளில் ஏன் இவ்வளவு இருட்டு?

காகிதமும் துணியும் வெளிச்சத்தில் வெளுத்துப்போகும், போனது திரும்பாது. அதனால் நீர்வண்ணம், அச்சுப்படம், கோட்டோவியம் உள்ள அறைகளில் ஒளியை 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவில் வைப்பார்கள். எண்ணெய் ஓவியத்துக்கு இதைப்போல் மூன்று, நான்கு மடங்கு தாங்கும்.

ஒரு மணி நேரத்தில் கால் வலி வந்துவிடுகிறது. எனக்கு மட்டும்தானா?

எல்லோருக்கும்தான். பாஸ்டன் நுண்கலை மியூசியத்தில் பணிபுரிந்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் இதைப்பற்றி 1916-லேயே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். காட்சிப்பெட்டிகளில் இருப்பதைப் பார்க்க ஒரு மனிதர் எப்படியெல்லாம் குனிய, வளைய, எட்டிப்பார்க்க வேண்டியிருக்கிறது என்று படம்பிடித்தும் காட்டினார். மெதுவாக நடப்பதும் நிற்பதும் வேகமாக நடப்பதைவிடக் காலை வாட்டும்.

மருந்து எளிது: ஒன்றரை மணி நேரத்தில் வெளியே வந்துவிடுங்கள். இலவச மியூசியம் என்றால் அரை மணி போதும். "கட்டிய காசுக்கு எல்லா அறையும் பார்க்க வேண்டும்" என்ற எண்ணம் தலைதூக்கும், அதற்கு இடம்கொடுத்தால் கடைசிப் பத்து அறைகள் ஞாபகத்திலேயே இருக்காது.

தனியாகப் போகவா, நண்பர்களோடு போகவா?

இரண்டும் செய்யலாம். கூட்டமாகப் போனால் ஒரு நிபந்தனை வைத்துக்கொள்ளுங்கள்: உள்ளே பிரிந்துவிடுவது, ஒரு மணி நேரம் கழித்துக் காபிக் கடையில் சந்திப்பது. ஒவ்வொருவரும் பிடித்த ஒரு படத்தையும் எரிச்சலூட்டிய ஒரு படத்தையும் சொல்ல வேண்டும். எரிச்சலூட்டிய படத்தைப் பற்றித்தான் பேச்சு சூடு பிடிக்கும். வேற்றுநாட்டு வகுப்புத் தோழர்களோடு பழக்கம் ஏற்படவும் இது நல்ல வழி. வானிலை, பரீட்சை தாண்டிப் பேச ஏதாவது வேண்டும் அல்லவா?

அந்த நாட்டு மொழி எனக்கு இன்னும் சரளமாக வரவில்லை. சமாளிக்க முடியுமா?

பெரிய மியூசியங்களில் ஆங்கில அட்டை இருக்கும். இல்லாத இடத்தில் போன் கேமராவை அட்டைமேல் காட்டி மொழிபெயர்த்துக்கொள்ளலாம். புளூம்பெர்க் கனெக்ட்ஸ் என்ற இலவசச் செயலியில் பல நாட்டு மியூசியங்களின் ஒலி வழிகாட்டிகள் இருக்கின்றன, காதில் மாட்டும் கருவி மட்டும் கொண்டுபோங்கள். மொழி கற்றுக்கொண்டிருப்பவர்கள், உள்ளூர் மொழியில் நடக்கும் வழிகாட்டி நடைகளில் சேர்ந்து பாருங்கள். பேசப்படும் பொருள் கண்ணெதிரிலேயே இருப்பதால் பாதி தானாகப் புரியும்.

கேலரித் திறப்பு விழா என்று போஸ்டர் பார்த்தேன். அழைப்பிதழ் இல்லாமல் போகலாமா?

தனியார் கேலரிகளின் திறப்பு மாலை பெரும்பாலும் எல்லோருக்கும் பொது. அழைப்பு உள்ளவர்களுக்கு மட்டும் என்றால் அதிலேயே எழுதியிருக்கும். கையில் ஒரு கோப்பையோடு நின்று பேசிக்கொண்டிருப்பார்கள், படத்தை யாரும் அவ்வளவாகப் பார்க்க மாட்டார்கள். ஓவியர் வந்திருப்பார். அவரிடம் "அருமை" என்று சொல்லிவிட்டு நகர்வதைவிட, "இந்த நீலத்தை எப்படிக் கொண்டுவந்தீர்கள்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் நீளமாக வரும். படத்தைப் பார்க்க இன்னொரு நாள் பகலில் போய்க்கொள்ளலாம்.

என்ன உடுத்துவது?

சௌகரியமான செருப்பு. மற்றது உங்கள் இஷ்டம்.

நான் படிப்பது வேறு துறை. இதனால் படிப்புக்கு ஏதாவது பயன் உண்டா?

வேதியியல் மாணவருக்கு நிறமிகள், பொறியியல் மாணவருக்கு ஊடுகதிர் (எக்ஸ்ரே) ஆய்வு, வரலாற்று மாணவருக்கு எல்லாமே. வெர்மீரின் பால்காரப் பெண் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளையடித்த சுவரில் ஓர் ஆணியும் ஆணி பிடுங்கிய ஓட்டைகளும் தெரியும். மற்றபடி சுவர் காலி. ரைக்ஸ்மியூசியத்தின் ஆய்வாளர்கள் கருவி கொண்டு ஆராய்ந்தபோது, அந்தப் பெண்ணின் தலைக்குப் பின்னால் முதலில் குடுவைகள் தொங்கும் பலகை ஒன்றை வரைந்து, பிறகு அதை மறைத்துப் பூசியிருக்கிறார் என்று 2022-ல் தெரியவந்தது. அந்த வெறுமையை அவர் யோசித்துத்தான் கொண்டுவந்திருக்கிறார்.

பலருக்குத் தெரியாத ஒரு கதவும் இருக்கிறது: படிப்பறை. பெரிய மியூசியங்களில் சுவரில் மாட்டியிருப்பது தொகுப்பில் மிகச் சிறு பகுதிதான். பிரிட்டிஷ் மியூசியத்தில் மட்டும் சுமார் 50,000 கோட்டோவியங்களும் இருபது லட்சத்துக்கு மேல் அச்சுப்படங்களும் இருக்கின்றன. முன்கூட்டி நேரம் கேட்டு வாங்கினால் படிப்பறையில் அவற்றைக் கொண்டுவந்து மேஜையில் வைப்பார்கள். கட்டணம் இல்லை. பேராசிரியராக இருக்க வேண்டியதும் இல்லை. லண்டனில் 2025 மே மாதம் திறந்த, விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தின் வி அண்ட் ஏ ஈஸ்ட் ஸ்டோர்ஹவுஸ் இன்னும் ஒரு படி மேல். கிடங்கையே பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். வேண்டிய பொருளை இணையத்தில் முன்பதிவு செய்தால் எடுத்து வைத்துக் காட்டுகிறார்கள். கூட்டமும் கயிறும் கண்ணாடியும் இல்லாமல் நூறாண்டு பழைய தாளை இரண்டடி தூரத்தில் பார்ப்பது, மோனாலிசாவைத் தலைகளுக்கு நடுவே பார்ப்பதைவிட எனக்கு எவ்வளவோ மேல்.

நானே கொஞ்சம் வரைவேன். அங்கே உட்கார்ந்து வரையலாமா? என் படத்தை எங்காவது வைக்க முடியுமா?

சின்ன நோட்டும் பென்சிலும் ஏறக்குறைய எல்லா மியூசியத்திலும் சம்மதம். மையும் வண்ணமும் கூடாது. சிறப்புக் கண்காட்சியில் கூட்டம் காரணமாக மறுக்கலாம். படத்தாங்கி (ஈசல்) வைத்து எண்ணெய் வண்ணத்தில் நகலெடுக்க லூவ்ர் போன்ற இடங்களில் தனி அனுமதி உண்டு. நகலின் அளவு அசலின் அளவாக இருக்கக் கூடாது என்பது நிபந்தனை.

காட்சிக்கு வைக்க, லண்டனின் ராயல் அகாடமி 1769 முதல் ஓராண்டுகூட விடாமல் நடத்திவரும் கோடைக் கண்காட்சிக்கு யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டி விண்ணப்பிக்கலாம். போட்டி கடுமை. அதற்கு முன் பல்கலைக்கழக மாணவர் சங்கத்தின் சுவரை முயற்சி செய்யுங்கள். விற்கும் எண்ணம் இருந்தால் விசா விதியைப் பார்த்துவிடுங்கள். சில நாடுகளில் மாணவர் விசாவில் சுயதொழில் வருமானம் கூடாது, பிரிட்டனும் அதில் ஒன்று.

ஒரு படத்துக்காகவே ரயில் பிடித்து வேறு ஊருக்குப் போக நினைக்கிறேன். என்ன கவனிக்க வேண்டும்?

படம் அங்கே இருக்கிறதா என்று. வேடிக்கையாகச் சொல்லவில்லை. 2023-ல் வெர்மீரின் முத்துத்தோட்டுப் பெண்ணைப் பார்க்க ஹேக் நகரின் மவுரிட்ஸ்ஹவுஸுக்குப் போனவர்கள் ஏமாந்திருப்பார்கள், பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அது ஆம்ஸ்டர்டாமுக்கு இரவல் போயிருந்தது. ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாமுக்குப் போனவர்களுக்கும் அதே ஏமாற்றம், அதற்குள் அது ஊர் திரும்பிவிட்டது. மியூசிய இணையதளத்தில் படத்தின் பெயரைத் தேடினால் இப்போது காட்சியில் இருக்கிறதா, எந்த அறை என்று வரும். மியூசியமே மூடியிருக்கவும் வாய்ப்பு உண்டு. பெர்லினின் பெர்கமோன் 2023 அக்டோபரில் மூடியது, பகுதி பகுதியாகத்தான் திறக்கும். பாரிஸின் பாம்பிடூ மையம் 2025-ல் மூடியது, 2030-ல்தான் திறப்பார்கள்.

கடையில் போஸ்டர் வாங்கினேன். கசங்காமல் எப்படிக் கொண்டுபோவது?

அட்டைக் குழாய் கேட்டால் கடையிலேயே கிடைக்கும். படம் உள்ள பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்டினால், விரித்தபின் ஓரங்கள் சுவர்ப்பக்கம் மடியும், சட்டம் போடுவது எளிது. விமானத்தில் குழாயைத் தனிக் கைப்பை என்று கணக்கு வைக்கிறார்களா என்று டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். சிக்கல் வேண்டாம் என்றால் அஞ்சலட்டை வாங்குங்கள். கண்காட்சிப் புத்தகங்கள் கனமும் அதிகம், விலையும் அதிகம். பல்கலைக்கழக நூலகத்தில் கேட்டால் வரவழைத்துக் கொடுப்பார்கள்.